காவல் மாற்ற ஓர் ஆள்

பட்டாளத்தார் இடது கன்னத்தைச் சிரைத்து முடித்து, வலது கன்னத்துக்குக் கத்தியைக் கொண்டுபோன நேரத்தில் விசில் சத்தம் கேட்டது. மூன்று முறை. ஒவ்வொன்றும் மூச்சு முட்டும் நீளம்.

"போகாதீங்க," என்று அறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"மூணு தடவை ஊதறாங்கடி."

"முப்பது தடவை ஊதட்டும். இன்னிக்கு மட்டும் போகாதீங்க."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் பாதி முகம் சுத்தமாகவும் பாதி முகம் நுரையாகவும் ஒரு மனிதர் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார். உள்ளே மனைவி கட்டிலில் உட்கார்ந்து, மாற்றுத் துணிகளைத் தடவித் தடவிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். தடவித்தான் வைக்க வேண்டும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண் சரியில்லை. ஒற்றைக் கண்ணை வைத்தே ஒரு குடும்பத்தை நடத்தி முடித்தவள். இப்போது அந்த வலது கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. போன வாரம் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். அவர் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, குடத்துத் தண்ணீரைப் பாதி காலி செய்தார்.

பக்கத்து ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் செய்யும் கண் டாக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். அந்த நாள் இரண்டு தடவை தவறிப்போயிருந்தது. முதல் தடவை கிணற்றில் ஒரு நாய் விழுந்து, விசில். இரண்டாம் தடவை யார் வீட்டிலோ கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்துகொண்டு, விசில். நர்ஸ் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்த வாட்டியும் வரலைன்னா உங்க பேரை எடுத்துடுவோம்மா. அப்புறம் புதுசா வரிசையில நிக்கணும். கூட ஒரு ஆள் கட்டாயம் வரணும், தனியா வந்தா சேர்க்க மாட்டோம்."

இன்று மூன்றாம் தடவை. வாடகைக் காருக்குச் சொல்லியாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

விசில் மறுபடியும் மூன்று முறை ஒலித்தது.

"கார் வர்றதுக்குள்ள வந்துடறேன்," என்று கத்தியை வைத்துவிட்டு, துண்டை எடுக்கக்கூட நேரமில்லாமல் அவர் ஓடினார். மனைவி பையின் ஜிப்பை இழுத்த சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த விசிலுக்கு ஒரு கதை உண்டு. அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய வருஷம், ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் புகுந்தது. கும்மிருட்டு. யார் எங்கிருந்து கத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. கடைசி வீட்டில் நடக்க முடியாத ஒரு பெரியவர் விடியும்வரை மேஜைமேல் குந்திக்கொண்டு கத்தியிருக்கிறார். பட்டாளத்தாருக்கு மனசு ஆறவில்லை. தண்ணீர் வடிந்ததும், வீட்டுக்கு ஒரு விசில் வாங்கி, சிவப்புக் கயிறு கட்டி, ஒவ்வொரு வாசலிலும் தானே ஆணி அடித்து மாட்டினார். ஒரு விசில் ஊதினால் யாராவது ஒருத்தர் வந்து பார்க்க வேண்டும். மூன்று ஊதினால் உயிர் போகிற விஷயம், படை முழுக்க ஓடிவர வேண்டும். படை என்றால் தெருவில் கைகால் திடமாக இருந்த ஆண்கள்.

முதல் வருஷம் பார்க்கவே கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒத்திகை நடக்கும். சோப்பு நுரையோடு ஓடி வந்தவர்கள் எல்லாம் உண்டு. அப்புறம் ஒருத்தருக்கு மூட்டு வலி வந்தது. ஒருத்தர் மகன் வீட்டோடு போய்விட்டார். மளிகைக்காரருக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. மற்றவர்களுக்கு என்ன காரணம் என்று அவர்களுக்கே தெரியாது. படை கரைந்தது, விசில்கள் மட்டும் ஆணியில் தொங்கின. ஒரு விசிலுக்கு யாரும் வருவதில்லை என்று தெரிந்ததும், ஜனங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று ஊத ஆரம்பித்தார்கள். மூன்று ஊதினால் பட்டாளத்தார் நிச்சயம் வருவார்.

அவரால் வராமல் இருக்க முடியாது. பட்டாளத்தில் அவர் பெரும்பாலும் காவல் ஆள். காவல் மாற்ற அடுத்த ஆள் வந்து, "ஏற்றுக்கொண்டேன்" என்று வாயால் சொல்லும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே விதி. ஒரு தடவை ஜீப் பழுதாகி, மாற்று ஆள் வராமல், கொட்டுகிற மழையில் ஒரு கிடங்கு வாசலில் பகல் முழுக்கவும் இரவு முழுக்கவும் நின்றிருக்கிறார். அதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலைப் பற்றி அவர் சொல்லும்போதெல்லாம் மனைவி கேட்பாள்: "கிடங்குல என்ன இருந்துச்சு?"

"கம்பளியும் சோப்பும்."

"ம். நாடே அதை நம்பித்தான் இருந்துச்சு."

இன்று ஊதியது பேங்க் சார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பனியனோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் டீ கிளாஸ்.

"வாங்க சார், வாங்க. மாடித் தொட்டி நிரம்பி வழியுது பாருங்க."

"மோட்டாரை நிறுத்த வேண்டியதுதானே?"

"சுவிட்ச் ஈரமா இருக்கு சார். ஷாக் அடிச்சா?"

பட்டாளத்தார் மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தார். மரக் கைப்பிடியால் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் நின்றது. மேலிருந்து கொட்டிய மிச்சத் தண்ணீர் அவர் தோளில் இறங்கியது.

"உங்களுக்குத்தான் சார் இந்தத் தைரியமெல்லாம் வரும்," என்று பேங்க் சார் டீயை உறிஞ்சினார். அப்புறம் உற்றுப் பார்த்தார். "என்ன, ஒரு பக்கம்தான் ஷேவ் பண்ணியிருக்கீங்க? புது ஸ்டைலா?"

பட்டாளத்தாருக்கு விஷயம் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொந்தக் கஷ்டத்தைத் தெருவில் விரித்துப் போட்டு அவருக்குப் பழக்கமில்லை. மனைவிக்கு ஆபரேஷன் என்று யாருக்கும் சொல்லவில்லை. திரும்பி நடந்தார். வீட்டுக்கு நாலு வாசல் இருக்கும்போதே தையல்காரர் வீட்டில் விசில் அலறியது. தையல்காரர் மனைவி தெருவுக்கே ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"மாமா, சீக்கிரம் வாங்க! அவர் உள்ள மாட்டிக்கிட்டாரு!"

"நான் மாட்டிக்கல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பீரோதான் மாட்டிக்கிச்சு."

உண்மைதான். இரும்பு பீரோவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றப்போய், நிலைப்படியில் கோணலாக இறுகியிருந்தது. தையல்காரர் அந்தப் பக்கம், வெளிச்சம் இந்தப் பக்கம்.

"அளந்து பார்த்துட்டு நகர்த்தக் கூடாதாய்யா? தொழிலே அளக்கறதுதானே உனக்கு?"

"துணின்னா இழுத்துக் கொடுக்கும் மாமா. இது கொடுக்க மாட்டேங்குது."

பட்டாளத்தார் அடியில் கை கொடுத்துத் தூக்கினார். பீரோ அசைந்தது. அசைந்து, முழு கனத்தையும் அவர் கைமேல் இறக்கிவைத்தது. விட்டால் தையல்காரர் காலில் விழும். பிடித்தால் நகர முடியாது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் கார் ஹாரன் கேட்டது.

"அது எனக்கு வந்த கார்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"போகலாம் மாமா, இதோ, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்..."

"இந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்? உன் பக்கமா, என் பக்கமா?"

"ரெண்டும் இல்ல மாமா, சுவத்துப் பக்கம்."

ஹாரன் மறுபடி அடித்தது. கொஞ்சம் விட்டு, கோபமாக ஒரு தடவை. அப்புறம் என்ஜின் உறுமி, தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. சுவரிலிருந்து ஒரு கை அகலம் காரையைப் பெயர்த்துக்கொண்டு பீரோ வெளியே வந்தது. தையல்காரர் வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்து, "அம்மாடி! ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க மாமா," என்றார். பட்டாளத்தார் அப்போதே வாசல் தாண்டியிருந்தார்.

மனைவி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. கதவு பூட்டியாகிவிட்டது.

"கார் எங்க?"

"போயிடுச்சு. அவனுக்கு வேற சவாரி வந்துடுச்சாம்."

"நீ ஏறி உக்காந்திருக்க வேண்டியதுதானே? வழியில வந்து நானும் ஏறியிருப்பேன்ல?"

"எந்த வழியில? நீங்க எந்த வீட்டுல எந்த ஓட்டைக்குள்ள இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமா? கண்ணு தெரிஞ்ச காலத்துலயே தெரியாது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். சாதாரணமாக, கடைக்குப் போன ஆளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் குத்தியது.

பட்டாளத்தார் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்தார். மற்ற வீடுகளில் இருப்பவை பிளாஸ்டிக். அவருடையது பட்டாளத்து ஸ்டீல். இத்தனை வருஷத்தில் ஒத்திகைக்குத் தவிர அதை அவர் ஊதியதில்லை. நடுத்தெருவில் போய் நின்றார். வாயில் வைத்து, அடிவயிற்றிலிருந்து ஊதினார். மூன்று முறை. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின.

கதவுகள் திறந்தன. முதலில் தையல்காரர் மனைவியின் தலை தெரிந்தது.

"யாருடி ஊதறது?" என்றது உள்ளிருந்து தையல்காரர் குரல்.

"பட்டாளத்து மாமாதான்."

"அப்பச் சரி. அவரே இருக்காரு, பார்த்துப்பாரு."

தலை உள்ளே போனது. எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்து, அவரைக் கண்டதும் நிம்மதியாகச் சாத்திக்கொண்டது. மளிகைக்காரர் கடைக்கு வெளியே ஒரு காலை வைத்தார்.

"என்ன சார், ஒத்திகையா? முன்கூட்டிச் சொல்லக் கூடாதா? கடையில ஆள் நிக்குது."

"ஒத்திகை இல்லய்யா! எனக்கு ஒரு வண்டி வேணும்!"

"பருப்பா? எவ்வளவு?" என்று உள்ளே நின்றிருந்தவரிடம் கேட்டபடி மளிகைக்காரர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தெரு பழையபடி அமைதியானது. பட்டாளத்தார் விசிலைக் கீழே இறக்கினார். பின்னால் செருப்புத் தேயும் சத்தம் கேட்டுத் திரும்பினார். மனைவி. ஒரு கையில் பை, ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு எழுந்து வந்தே?"

"மூணு ஊதினீங்களே," என்றாள். "யாராவது வரணும்ல?"

அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கினார். அப்புறம் விறுவிறுவென்று பேங்க் சார் வீட்டுக்கு நடந்தார். அவளும் சுவரைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள். அங்கே வாசலோரம், சாம்பல் நிறத் துணி போர்த்தி ஒரு கார் நின்றது. துணியைக்கூட இஸ்திரி போட்டதுபோல் இருந்தது.

பேங்க் சார் இரண்டாவது டீயோடு வெளியே வந்தார்.

"சார், வீட்டுல அவளுக்குக் கண் ஆபரேஷன். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். வண்டியை எடுங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் பீரோவைத் தூக்கியதைவிட அதிகமாக அவருக்கு வியர்த்தது. பேங்க் சாருக்கும் வியர்த்தது.

"அடடா, சொல்லவே இல்லையே சார்! எடுத்துடலாம்தான். ஆனா பாருங்க, வெளிய எடுத்து மாசக்கணக்காச்சு. பேட்டரி உக்காந்திருக்கும்."

"போன ஞாயித்துக்கிழமைதானே கழுவினீங்க?"

"கழுவறது வேற, ஓட்டறது வேற சார். மழை வேற வரும்போல இருக்கு."

பட்டாளத்தார் அண்ணாந்து பார்த்தார். மருந்துக்குக்கூட மேகம் இல்லை. குனிந்து, கழுத்திலிருந்த ஸ்டீல் விசிலைக் கழற்றி நீட்டினார்.

"சரி. காரா, விசிலா? ரெண்டுல ஒண்ணு எடுங்க."

"என்ன சார் விளையாட்டு? விசில்தான் எங்க வீட்டுலயே ஒண்ணு தொங்குதே."

"அது ஊதற விசில். இது ஓடற விசில். நான் வர்ற வரைக்கும் எவன் ஊதினாலும் நீங்க ஓடணும்."

பேங்க் சார் காரைப் பார்த்தார். விசிலைப் பார்த்தார். வங்கியில் இருந்தவர் அல்லவா, எதில் செலவு கம்மி என்று மனசுக்குள் கூட்டிக் கழித்திருக்க வேண்டும். கை விசில் பக்கம் போனது.

"இப்படி இல்ல. நேரா நில்லுங்க."

பட்டாளத்தார் விறைப்பாக நின்றார். ஒரு கன்னத்தில் காய்ந்த நுரை, தோளில் தொட்டித் தண்ணீர், முழங்கையில் சுவர்க் காரை. பேங்க் சாரும் தன்னையறியாமல் டீ கிளாஸை மதில்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தத் தெருவோட காவலை உங்ககிட்ட ஒப்படைக்கிறேன். ஏத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

"நாளைக்குத் திரும்ப வாங்கிக்குவீங்கல்ல?"

"ஏத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

"சரி சார், ஏத்துக்கிட்டேன்."

அவ்வளவுதான். மதில்மேல் வைத்த டீயில் ஆவிகூட அடங்கவில்லை. இத்தனை வருஷம் யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்த வேலை, இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. நிம்மதி வரும் என்று பட்டாளத்தார் எதிர்பார்த்தார். வந்தது எரிச்சல்தான். யார் மேல் என்று அவருக்கே புரியாத எரிச்சல்.

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தார். பஸ் நின்றிருந்தது. டிரைவர் இறங்கிப் போய் டீக்கடையில் யாரிடமோ கதை பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்து பட்டாளத்தாரின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு அரை டிக்கெட்டா பெரியவரே?"

"கிழிக்கிற வேலையைப் பாரு," என்றார் பட்டாளத்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "எப்ப எடுப்பீங்க? ஒன்பதுக்கு அங்க இருக்கணும். இப்பவே ஒன்பதைத் தாண்டிடுச்சு. எல்லாம் போச்சு."

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பதினொண்ணுக்குத்தான்."

"என்னது?"

"டாக்டர் வரச் சொன்னது பதினொண்ணுக்கு. உங்ககிட்டதான் ஒன்பதுன்னு சொன்னேன்."

பட்டாளத்தார் மறுபடியும் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரம் தப்பினாலும் தான் தப்பாத ஆள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்.

"என்கிட்டயே நேரத்தை மாத்திச் சொன்னியா?"

"இது மட்டுமா? நம்ம பொண்ணு கல்யாண முகூர்த்தத்தையே மாத்தித்தான் சொன்னேன். இல்லைன்னா நீங்க வந்திருப்பீங்களா?"

"அன்னிக்கு யாரோ ஊதினாங்க..."

"ஊதினாங்க. தெரியும்."

"அப்புறம் எதுக்குடி வாசல்ல அப்படி உக்காந்திருந்தே, கப்பல் கவுந்த மாதிரி? சொல்லித் தொலைச்சிருந்தா நான் இப்படி நடுத்தெருவுல நின்னு..."

"நின்னு ஊதிப் பார்க்கணும்னுதான்," என்றாள் அவள். "ஊதினா யார் வருவாங்கன்னு உங்களுக்கும் தெரியணும்ல?"

பட்டாளத்தார் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

அப்போது தெருவுக்குள்ளிருந்து விசில் கேட்டது. மூன்று முறை, நீளமாக.

பட்டாளத்தார் எழுந்தேவிட்டார். அவர் எழவில்லை, கால்கள் எழுந்தன. மனைவி திரும்பவில்லை. அவர் சட்டை நுனியை மட்டும் பிடித்தாள்.

"காவல் மாத்தியாச்சுல்ல?"

"உயிர் போற விஷயமா இருந்தா?"

"ஏத்துக்கிட்டேன்னு அவர் வாயால சொன்னாரு. எனக்குக் கண்ணுதான் தெரியாது, காது கேக்கும்."

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பேங்க் சார் கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தார். கழுத்தில் ஸ்டீல் விசில், ஒரு காலில் மட்டும் செருப்பு. சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பஸ் பக்கம் பார்த்தார். இருவர் கண்களும் சந்தித்தன. பேங்க் சார் உற்சாகமாகக் கையை ஆட்டினார். வாங்க, வாங்க என்று கூப்பிடுகிற ஆட்டல்.

பட்டாளத்தார் ஜன்னல் ஷட்டரைப் படாரென்று இறக்கினார். உட்கார்ந்தார். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். விசில் இன்னொரு தடவை கேட்டது. பாதியில் என்ஜின் சத்தம் அதை விழுங்கிவிட்டது. அவர் ஷட்டரை ஒரு விரல் அளவுக்கு உயர்த்தினார். அதற்குள் பஸ் திரும்பிவிட்டது. ஒரு சுவரும், சுவரில் பாதி கிழிந்த ஒரு விளம்பரமும்தான் தெரிந்தன.

"போனாரா?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியல. எங்க போகப்போறான்? டீயை எடுக்கத் திரும்பியிருப்பான்."

"சரி விடுங்க. கட்டைப் பிரிச்சதும் நானே வாசல்ல உக்காந்து பார்த்துச் சொல்றேன், எவன் ஓடறான் எவன் ஓடலைன்னு." அவள் முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, கையால் தடவித் தேடி, அவர் வலது கன்னத்தில் காய்ந்திருந்த சோப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். "அங்க நாலு பேர் பார்ப்பாங்க. ஆடாம இருங்க."

அவர் முகத்தை ஆட்டவில்லை. சீட்டுக்கு அடியில் அவருடைய கால்தான் இன்னும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.